தும்பை நடத்திய உண்ணிக் கடை

தாழங்குளத்தின் கரையில் ஒரு மருத மரம் இருந்தது. அந்த மரத்தடியில் தும்பை என்ற உண்ணிக்கொக்கு கடை வைத்திருந்தது.

என்ன கடை என்று கேட்கிறீர்களா? உண்ணி எடுக்கும் கடை. காட்டு விலங்குகளின் தோலில் உண்ணி ஏறிக்கொள்ளும். ஏறினால் லேசில் இறங்காது. தலையைத் தோலுக்குள் புதைத்து, ரத்தம் குடித்து, உருண்டு திரண்டு தொங்கும். மானுக்குச் சொறியக் கை கிடையாது. காட்டெருமைக்கு வால் உண்டு, ஆனால் அது கழுத்து வரை எட்டாது. அதனால் எல்லாரும் தும்பையிடம் வந்தார்கள். மரத்தடிப் பாறைமேல் வந்து நிற்பார்கள். தும்பை அவர்கள் முதுகில் ஏறி நடந்து, மஞ்சள் அலகால் ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கி விழுங்கும்.

கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எடுத்த உண்ணிதான் கூலி. வேறெந்தக் கடைக்காரருக்கும் இந்த வசதி இல்லை. வேலையும் சாப்பாடும் ஒரே வாயில் முடிந்துவிடும்.

தும்பை கைதேர்ந்த வேலைக்காரி. சும்மா பிடித்து இழுத்தால் உண்ணியின் தலை தோலுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். பிறகு அந்த இடம் புண்ணாகும். தும்பை எடுத்தால் தலையோடு வரும். வலிக்கவே வலிக்காது. எடுத்துவிட்டாயா என்று வாடிக்கையாளர்கள் திரும்பித் திரும்பிக் கேட்பார்கள்.

முதுகு, வயிறு, தொடை இடுக்கு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் காது. இந்தக் காது வேலை மட்டும்தான் சள்ளை பிடித்த வேலை. அங்கே இருப்பது இரண்டோ மூன்றோ உண்ணிதான். நேரமோ மொத்த உடம்புக்கும் ஆனதைவிட அதிகம் ஆகும். காதுக்குள் ஏதாவது நுழைந்தால் எந்த விலங்கும் மிரண்டு தலையை உதறும். அதனால் தும்பை ஒரு வழக்கம் வைத்திருந்தது. காதின் அடியில் அலகால் மெதுவாக மூன்று முறை தட்டும். உடனே அந்த விலங்கு தலையைத் தரை வரை தாழ்த்திக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். “முடிஞ்சுது” என்று தும்பை சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும்.

கடமான் வரும். புள்ளிமான்கள் வரும். காட்டுப்பன்றி குடும்பத்தோடு வரும். யானைகள் கூட வருவதுண்டு. கரியன் என்ற காட்டெருமையும் தவறாமல் வரும்.

கரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒற்றைக் காட்டெருமை. மந்தையில் நடந்த ஒரு சண்டையில் தோற்று, தனியாக வந்துவிட்டது. அந்தச் சண்டையில் அதன் இடது காது கிழிந்து, மடிந்து, சின்னப் பை மாதிரி ஆகிவிட்டது. பாறை மாதிரி உடம்பு. வளைந்த பெரிய கொம்பு. அது வரிசையில் வந்து நின்றால் முன்னால் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். கரியனும் யாரோடும் பேசாது. வரும், நிற்கும், தலையைத் தாழ்த்தும், போகும்.

கடை இப்படியே பல வருடம் நடந்தது. தும்பைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மாசி மாதம் கூழைக்கடா ஒன்று வந்து இறங்கும்வரை.

அது வடக்கே போகிற வழியில் இரண்டு நாள் தங்க வந்த பறவை. பல ஊர்க் குளத்துத் தண்ணீர் குடித்தது. நல்ல மனசுதான். ஆனால் நிறைய ஊர் சுற்றியவர்களுக்குக் கேள்வி கேட்கும் வியாதி ஒன்று வந்துவிடுகிறது. காலை முழுவதும் பாறையோரம் மிதந்தபடி தும்பையின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்தது.

“எதுக்கும்மா இந்தக் கடை?”

“உண்ணி எடுக்கத்தான்.”

“எடுத்தா?”

“அவங்களுக்கு அரிப்பு போகும்.”

“போனா?”

“கொஞ்ச நாள்ல திரும்ப ஏறிடும். திரும்ப வருவாங்க. திரும்ப எடுப்பேன்.”

சொல்லி முடித்ததும் தும்பைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூழைக்கடா குறையாக ஒன்றும் சொல்லவில்லை. “ஓ” என்று மட்டும் சொன்னது. மறுநாள் பறந்தும் போய்விட்டது. அந்த “ஓ” மட்டும் போகாமல் தும்பையின் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து தும்பைக்கு வேலையில் மனசு ஒட்டவில்லை. கரையில் இருக்கும் மற்றவர்களைப் பார்த்தது. தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டில் குஞ்சுகள் வளர்கின்றன. தேனீ தேன் சேர்க்கிறது. சாணி வண்டு கூடத் தான் உருட்டிய உருண்டையைக் காட்டி, இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். தும்பை எதைக் காட்டும்? இல்லாத உண்ணியையா காட்ட முடியும்?

இத்தனை வருடமாக நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அது தன்னையே கேட்டுக்கொண்டது. மழைக்காலம் தொடங்கியதும் கடையை மூடிவிடுவது, கொக்குக் கூட்டத்தோடு பெரிய ஏரிப் பக்கம் போய்விடுவது என்று முடிவு செய்தது. அங்கே போய் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. இங்கே இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

இந்த விஷயம் எப்படியோ நரியின் காதுக்குப் போனது. காட்டில் எந்த விஷயம்தான் நரியின் காதுக்குப் போகவில்லை? அதன் பெயர் மதியூகி. யாரும் வைத்த பெயர் இல்லை. தானே வைத்துக்கொண்டது. சொந்தமாக ஒரு தொழிலும் செய்ததில்லை. அதனால் மற்றவர்கள் எப்படித் தொழில் செய்ய வேண்டும் என்று சொல்ல அதற்கு நிறைய நேரம் இருந்தது.

“தங்கச்சி, உன் நோய் என்னன்னு எனக்குத் தெரியும்” என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தது. “உனக்கு லட்சியம் இல்ல.”

“லட்சியம்னா என்னண்ணே?”

“பெருசாகிறது. இன்னைக்குப் பத்து பேர் வர்றாங்களா? நாளைக்கு அம்பது பேர் வரணும்.”

“வந்தா?”

“நூறு பேர் வரணும்.”

தும்பைக்கு இது முழுதாகப் புரியவில்லை. ஆனால் பதிலே இல்லாமல் தவிப்பவர்களுக்கு ஏதோ ஒரு பதில் கிடைத்தாலே போதும், பிடித்துக்கொள்வார்கள். தும்பையும் பிடித்துக்கொண்டது. சரியண்ணே, என்ன செய்யணும் சொல்லு என்றது.

நரி ஒரு நாள் முழுதும் மரத்தடியில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தது. சாயங்காலம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னது. ஒரு மானின் உடம்பு முழுதும் எடுக்க ஆகிற நேரத்தைவிட, அதன் காதுக்கு ஆகிற நேரம் அதிகம். கிடைப்பதோ மூன்றே உண்ணி. காதை விட்டுவிட்டால் ஒரு ஆளுக்கு ஆகிற நேரத்தில் இரண்டு ஆளைப் பார்த்து அனுப்பலாம்.

“காதுல இருக்கிறது அவங்களுக்குத் தொந்தரவுண்ணே” என்று தும்பை தயங்கியது.

“உடம்புல நூறு எடுத்துவிடுறே. காதுல மூணு இருந்தா செத்தா போயிடுவாங்க? கூட்டம் வரும்போது இதையெல்லாம் பார்க்க முடியாது, தங்கச்சி.”

மறுநாளே காது வேலை நின்றது. தும்பையின் கடையில் கூட்டம் மளமளவென்று நகர்ந்தது. ஏறு, பிடுங்கு, விழுங்கு, இறங்கு. “அடுத்து!” காட்டின் அடுத்த கோடியிலிருந்தெல்லாம் விலங்குகள் வந்தன. சீக்கிரம் முடிகிறது என்று கேள்விப்பட்டுத்தான் வந்தன. நரி வரிசையின் முன்னால் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியது. சீக்கிரம் போக நினைத்தவர்கள் அதன் முன்னால் கொஞ்சம் இலந்தைப் பழம் வைத்தார்கள். நரி அதைக் கேட்டு வாங்கவில்லை. வைத்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

கரியன் வழக்கம்போல ஒரு நாள் வந்தது. தும்பை அதன் முதுகில் ஓடி ஓடி எடுத்தது. வயிற்றடியில் எடுத்தது. முடிந்தது என்று இறங்கியது. கரியன் நகரவில்லை. தலையைத் தரை வரை தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

தும்பைக்கு ஒரு நொடி மனசு கேட்கவில்லை. ஆனால் பின்னால் காட்டுப்பன்றிகள் பதினோரு பேர் நின்றார்கள். நரி தொண்டையைக் கனைத்தது.

“காது இப்ப எடுக்கிறதில்லண்ணே. அடுத்து!”

கரியன் கண்ணைத் திறந்து பார்த்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு மூங்கில் பாதையில் நடந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு கரியன் கடைக்கு வரவில்லை. தும்பை அதைக் கவனிக்கவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அத்தனை கூட்டத்தில் ஒருவர் வராதது எப்படித் தெரியும்?

தும்பைக்கு வயிறு நிறைந்தது. நிறைந்து, பெருத்து, கிளையில் உட்கார்ந்தால் கிளை தாழ்ந்தது. காட்டில் பேரும் வந்தது. கரையில் நடந்தால் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். ஆனால் வேலை முடிந்து மரத்தில் ஏறி உட்கார்ந்தால், முன்பு இருந்த வெறுமை அப்படியே இருந்தது. அப்படியே என்று கூடச் சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. இதை நரியிடம் சொன்னபோது, இன்னும் நூறு பேர் வரவில்லை அல்லவா, அதனால்தான் என்று நரி சமாதானம் சொன்னது.

சித்திரை வெயில் ஏறிய ஒரு காலையில் வரிசை திடீரென்று கலைந்தது. மூங்கில் பாதைப் பக்கமிருந்து மான்கள் சிதறி ஓடி வந்தன. மந்தி ஒன்று கிளைக்குக் கிளை தாவி வந்து மூச்சிரைக்கச் செய்தி சொன்னது. கரியனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். மூன்று நாளாக மூங்கில் காட்டில் யாரையும் நடக்க விடவில்லையாம். எதிரில் வந்த கடமானை முட்டித் தள்ளிவிட்டதாம். அந்தப் பாதையில்தான் பாதிக் காடு தண்ணீருக்கு வர வேண்டும்.

அன்று குளத்தில் யானைகள் நின்றிருந்தன. யானைக் கூட்டத்துக்குத் தலைவி அம்மணி. அது அதிகம் பேசாது, பேசினால் செய்துவிடும்.

“நாளைக்கு விடிஞ்சதும் நாங்க நாலு பேர் போறோம்” என்றது அம்மணி. “அவனை மலைக்கு அந்தப் பக்கம் துரத்திட்டு வந்துடுறோம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இந்த வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே துரத்துவது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

தும்பை ஒரு கடமானின் முதுகில் பாதி வேலையில் நின்றிருந்தது. அது மந்தியைக் கூப்பிட்டது.

“அவன் எப்படி நடக்கிறான்? நேரா நடக்கிறானா?”

“எங்க நேரா நடக்கிறான்! தலைய ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு வட்டம் வட்டமா சுத்துறான். மரத்துல தலைய மோதுறான்.”

“எந்தப் பக்கம் சாய்க்கிறான்?”

மந்தி யோசித்தது. தன் தலையைச் சாய்த்துக் காட்டியது. இடது பக்கம்.

தும்பை கடமானின் முதுகிலிருந்து பாறைக்கு இறங்கியது. கிழிந்து மடிந்த அந்த இடது காது. அந்தப் பைக்குள் உண்ணி நுழைந்தால் தானாக விழாது, உதறினாலும் வராது. மடிப்பைக் காலால் நீக்கிப் பிடித்துக்கொண்டு, அலகை மறு பக்கமாக விட்டுத்தான் எடுக்க வேண்டும். காட்டில் வேறு யாருக்கும் இது தெரியாது. யாரும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற கரியனை நினைத்ததும் தும்பைக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் போயிட்டு வர்றேன்” என்று பாறையிலிருந்து எழும்பியது.

நரி குறுக்கே வந்தது. ஒருத்தனுக்காக இத்தனை பேரைக் காக்க வைப்பதா, இன்று கடையை மூடினால் நாளைக்கு யார் வருவார்கள், அதுவும் பைத்தியம் பிடித்தவனிடம் போவதா என்று அடுக்கியது. பாதி வேலையில் நின்ற கடமான்தான் பதில் சொன்னது.

“நீ போ, தும்பை. எங்க காதும் அரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, உன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு இருந்தோம். முதல்ல அவனைப் பாரு.”

தும்பை மூங்கில் காட்டுக்குப் பறந்தது. பெருத்த உடம்போடு பறப்பது சிரமமாக இருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

கரியன் ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. சுற்றிலும் மூங்கில் முறிந்து கிடந்தது. நெற்றியில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. இடது காதைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன.

“கரியண்ணே” என்று தும்பை கூப்பிட்டது.

கரியன் சத்தம் வந்த பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் திரும்பி முட்டியது. தும்பை முதுகில் உட்காரப் பார்த்தது. ஒரே உதறலில் கீழே விழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை வால் வீசி அடித்ததில் இறக்கையில் நாலு இறகு முறிந்தது. குளம்பு ஒன்று அதன் தலைக்குப் பக்கத்தில் இறங்கியது. இன்னும் ஒரு விரல் தள்ளி இறங்கியிருந்தால் இந்தக் கதையை இத்தோடு முடித்திருக்க வேண்டும்.

தும்பை பயந்துதான் போனது. ஆனாலும் பறந்து போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நேராகக் கொம்பின்மேல் போய் உட்கார்ந்தது. கால் நகத்தால் கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. கரியன் தலையை உதற ஆரம்பிப்பதற்குள், காதின் அடியில் அலகால் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கரியன் அப்படியே நின்றது.

அதன் உடம்பு முழுதும் நடுங்கிக்கொண்டிருந்தது. மூச்சு புஸ் புஸ் என்று வந்தது. பிறகு மெல்ல முன்னங்காலை மடித்தது. படுத்தது. தலையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

காது மடிப்புக்குள் தும்பை பார்த்தது மூன்று உண்ணி இல்லை. ஆமணக்குக் கொட்டை அளவுக்குப் பருத்த உண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சீழ் பிடித்திருந்தது. ஒரு பக்கம் முழுதும் அடைத்துப்போயிருந்தது. தும்பை மடிப்பை நீக்கி நீக்கி ஒவ்வொன்றாக எடுத்தது. எடுத்ததை விழுங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கூலியைத் தரையில் துப்பியது.

வெயில் உச்சிக்கு வந்து சாயவும் தொடங்கிவிட்டது. நடுவில் இரண்டு முறை பறந்து போய் ஓடைத் தண்ணீரை அலகில் கொண்டுவந்து ஊற்றிக் கழுவியது. போய் வரும்வரை கரியன் கண்ணைத் திறக்கவில்லை. கடைசி உண்ணியும் தலையோடு வந்தது.

“முடிஞ்சுதுண்ணே.”

கரியன் கண்ணைத் திறந்தது. சிவந்து களைத்த கண். ஆனால் பைத்தியத்தின் கண் இல்லை.

“வந்துட்டியா” என்றது.

தும்பையால் தாங்க முடியவில்லை. “ஏண்ணே, அன்னைக்கே காது வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அடுத்துன்னு சொல்லிட்டே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தும்பைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கரியன் சாதாரணமாகத்தான் சொன்னது. தும்பை கொம்பிலிருந்து இறங்கி அதன் முகத்துக்கு எதிரில் நின்றது. மன்னிப்புக் கேட்டது. நரியைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதை விட்டது நான்தான், என் தப்புதான் என்று மட்டும் சொன்னது.

தும்பைக்கு ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. கடைசியில் கேட்டுவிட்டது.

“ஒன்னு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. என் கடை உனக்கு எதுக்குண்ணே? எடுத்தாலும் திரும்ப ஏறிடுது. திரும்ப வர்றே. இதுல என்ன இருக்கு?”

கரியன் சிரிக்கவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னது.

“மந்தைய விட்டு வந்தப்புறம் எனக்கு ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒன்னுதான். வெயில் ஏறும், இறங்கும். அவ்வளவுதான். நாலு நாளைக்கு ஒருக்கா உன் கடைக்கு வருவேன். அந்த நாளுக்காக மத்த மூணு நாளு இருப்பேன்.”

தும்பை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து நின்றது.

“இந்தக் கொம்பைப் பார்த்தா எல்லாரும் ஒதுங்கிடுறாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா தலைக்குப் பக்கத்துல ஒருத்தர் வந்து, நாம கண்ணை மூடிக்கிட்டு நிம்மதியா நிக்கிறது இருக்கே. அது உன் கடையில மட்டும்தான் கிடைச்சுது. உண்ணியெல்லாம் அப்புறம்.”

தும்பை அழுதது. வெட்கப்படாமல் அழுதது. இத்தனை வருடமும் தன் முன்னால் மூடிய கண்களை எல்லாம் நினைத்துப் பார்த்தது. மான் என்றால் ஒரு சருகு விழுந்தாலும் ஓடுகிற பிறவி. அந்த மான் இந்தப் பாறைமேல் நின்று கண்ணை மூடியிருக்கிறது. குட்டிகளை விட்டு ஒரு நொடி கண்ணை எடுக்காத தாய்ப்பன்றி மூடியிருக்கிறது. அம்மணி யானை கூட அந்த முறம் போன்ற காதை விரித்துக் கொடுத்து மூடியிருக்கிறது. எல்லாரும் பயந்து பயந்து வாழ்கிற காட்டில், கொஞ்ச நேரம் பயமில்லாமல் நிற்க ஓர் இடம் இருந்தது. அதைத் தும்பைதான் நடத்திக்கொண்டிருந்தது. நேரம் வீணாகிறது என்று அதைத்தான் அது வெட்டி எறிந்திருந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் எந்தக் கடைக்காரரும் செய்திருக்க மாட்டார்.

மறுநாள் விடிந்ததும் நாலு யானைகள் மூங்கில் பாதைக்குக் கிளம்பின. கிளம்பியவை பாதி வழியிலேயே நின்றுவிட்டன. எதிரே கரியன் தண்ணீர் குடிக்க நடந்து வந்துகொண்டிருந்தது. தலை நேராக இருந்தது. கொம்பின்மேல் தும்பை உட்கார்ந்திருந்தது. அம்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தன் கூட்டத்தை ஒரு ஓரமாக ஒதுக்கி வழிவிட்டது. கரியன் தண்ணீர் குடித்துவிட்டு, தான் முட்டித் தள்ளிய கடமானைத் தேடிப்போய் வருத்தம் சொன்னதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தும்பையின் கடையில் காது வேலை திரும்ப வந்தது. கடைசியில் செய்த வேலையை முதலில் செய்ய ஆரம்பித்தது தும்பை. வரிசை நத்தையாய் நகர்ந்தது. அவசரக்காரர்கள் சிலர் முணுமுணுத்துவிட்டு, உண்ணி கொத்தும் காக்கைகளிடம் போனார்கள். போகட்டும் என்று தும்பை விட்டுவிட்டது. அதன் உடம்பு இளைத்தது. கிளை தாழவில்லை. மழை வந்தது, கொக்குக் கூட்டம் பெரிய ஏரிக்குக் கிளம்பியது, தும்பையைக் கூப்பிடவும் கூப்பிட்டது. நாளைக்குக் கரியண்ணன் வருகிற முறை, நான் எங்கே வர என்று சொல்லிவிட்டது தும்பை.

நரி மட்டும் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. ஒரு மத்தியானம், எல்லாரும் போன பிறகு, ஏதோ வழியோடு போகிறது போல வந்தது. குளத்தைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது. மழை நன்றாகப் பெய்கிறது என்றது. போகாமல் நின்றது.

“என்னண்ணே, காதா?” என்று தும்பை கேட்டது.

“லேசா” என்றது நரி. “ரொம்ப இல்ல.”

“வா, இந்தப் பாறைமேல உட்காரு.”

“கண்ணை மூடணுமா?”

“மூடணும்.”

நரி இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. பின்னால் திரும்பிப் பார்த்தது. பாவம், அது பிறந்ததிலிருந்து யார் முன்னாலும் இரண்டு கண்ணையும் சேர்த்து மூடியதில்லை. தூங்கும்போதுகூட ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்துத்தான் தூங்கும். ஊரையெல்லாம் ஏமாற்றுகிறவர்களுக்கு ஊரே ஏமாற்றிவிடும் என்ற பயம் இருக்கத்தானே செய்யும்?

தும்பை காதின் அடியில் மூன்று முறை தட்டியது. நரி மூடவில்லை. தும்பை அவசரப்படுத்தவில்லை. வேறு வேலை எதுவும் இல்லாதது போலக் காத்திருந்தது. பிறகு மறுபடி தட்டியது.

நரி தாடையை மெல்லப் பாறைமேல் வைத்தது. முதலில் ஒரு கண்ணை மூடியது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்றையும் மூடியது. அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தும்பை அந்த நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் காதுக்குள் அலகை விட்டது.

நம்மை நம்பி ஒருவர் கண்ணை மூடித் தலை சாய்க்கிற இடமே நாம் செய்யும் தொழிலின் அர்த்தம். அவசரத்தில் அதைக் கைவிட்டுவிட்டு, அர்த்தத்தை வேறெங்கோ தேடிப் போக வேண்டாம்.